நாய்க்குத்தான் மாத்திரை

எங்கள் வீட்டில் வலிப்பு மாத்திரை சாப்பிடுவது நாய். நான் இல்லை, என் வீட்டுக்காரர் இல்லை, கோயம்புத்தூரில் படிக்கிற எங்கள் மகளும் இல்லை. முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சங்கரன்கோவிலில் இதை நான் சொல்லாத ஆளும் இல்லை, அதை நம்பின ஆளும் இல்லை.

கால்நடை மருத்துவமனைச் சீட்டை மெடிக்கலில் நீட்டிய அன்றைக்கே வினை ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் சீட்டைப் படித்தார், என்னை ஏறிட்டுப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் படித்தார்.

"யாருக்கு டீச்சர்?"

"நாய்க்கு."

"சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கு. நெசமா யாருக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். அவரோ கண்ணாடி மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கூச்சப்படாதிய டீச்சர். வலிப்புக்கு மருந்து வாங்குதவங்க யாரு உள்ளூர்ல வாங்குதா? நம்ம ஊர்க்காரங்க தென்காசியில போய் வாங்குவாங்க, தென்காசிக்காரங்க இங்கன வருவாங்க. நாய் பேரச் சொல்லி வாங்குதது நீங்கதான் மொதல்ல. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"நாய்க்குத்தான்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரியில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கடைக்காரர் பதறிப்போய் மாத்திரையைக் காகிதத்தில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கறுப்புப் பையில் போட்டுக் கையில் திணித்தார். அந்தக் கறுப்புப் பையை அங்கேயே உதறிப் போட்டுவிட்டு, அட்டையைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தேன். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்றுதான்.

பார்த்தார்கள். அந்த வாரமே என் வீட்டுக்காரருக்கு வலிப்பு என்று தெரு முடிவு செய்துவிட்டது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற மனுஷன், யார் எது சொன்னாலும் சிரித்துவிட்டுப் போகிறவர். அவருக்கு ஒன்றும் இல்லை. அவரைப் பெற்ற என் அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "எம் மவன் ஒரு தும்மல் போட்டுப் படுத்தவனில்ல. அவனுக்கு வலிப்புன்னு ஊரு பேசுது. எல்லாம் நீ தூக்கிட்டு வந்த நாயால" என்று வாசலில் நின்றே கரித்துக் கொட்டினார்.

தூக்கிக்கொண்டு வந்தவள் நான்தான். வாசுதேவநல்லூரில் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே குட்டியாகக் கிடந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். நாட்டு நாய், கடுவன், செம்மண் நிறம். செவலை என்று கூப்பிட்டோம், அதுவே நிலைத்துவிட்டது. வளர்ந்து, தெருவில் எல்லாரையும் தெரிந்து, எந்தக் குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கிற நாயாகத்தான் இருந்தது.

அது முதல் தடவை விழுந்தது காலையில், தெருக் குழாயடியில், தண்ணீருக்கு எல்லாரும் குடத்தோடு நிற்கிற நேரத்தில். நடந்துபோன நாய் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. நாலு காலும் விறைத்து இழுத்தன, தாடை கடகடவென்று அடித்தது, வாயில் நுரை. பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி, முக்கில் மளிகைக்கடை வைத்திருப்பவர், அவர்தான் முதலில் கத்தினார். "வெறி! வெறி பிடிச்சிட்டு! பிள்ளையள உள்ள கூப்பிடுங்க!" நான் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. எழுந்து தள்ளாடி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுவரில் முட்டி, பிறகு என்னை மோந்து பார்த்து வாலாட்டியது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா கடையநல்லூர்க்காரர், சின்ன வயசு, படபடவென்று பேசுவார். நான் சொன்னதைக் கேட்டதும், "யா அல்லா, வெறின்னு யாரு சொன்னா?" என்றார். "வருஷா வருஷம் ஊசி போட்டிருக்கிய. வெறி வந்த நாய் விழுந்து எந்திரிச்சு ஒங்களப் பாத்து வாலாட்டுமா? இது வலிப்பு. மனுசருக்கு வாரதுதான். மாத்திரையும் மனுசருக்குக் குடுக்குததுதான், எடையப் பாத்து அளவு மாறும், அவ்வளவுதான்."

அவர் சொன்னதை எல்லாம் வகுப்பில் பாடம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டேன். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் கொடுக்கவேண்டும். மருந்து ரத்தத்தில் நின்று வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், அதுவரை மறுபடியும் வரலாம். பசி கூடும், தாகம் கூடும், முதலில் தூங்கி வழியும். இடையிடையே ரத்தம் எடுத்து ஈரலைப் பார்க்கவேண்டும். விழுந்தால் வாயில் கையை விடக்கூடாது, தலை அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

கடைசியாக விரலை நீட்டிச் சொன்னது இது: "நல்லாயிட்டுன்னு நீங்களா நிறுத்திராதிய டீச்சர். திடீர்னு விட்டுட்டா முன்ன வந்தத விடப் பெருசா வரும். பாதிப் பேரு இதுலதான் நாயப் பறிகொடுக்காங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு வராது. மனுஷருக்கு ஆகிற மருந்தெல்லாம் நாய் பூனைக்கும் ஆகும் என்று எங்கள் தெரு நம்புகிறது. பக்கத்து வீட்டில் பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று பாலில் காய்ச்சல் மாத்திரையைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். டம்ளரைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினேன். காய்ச்சல் மாத்திரை பூனைக்கு விஷம், பாதி மாத்திரையிலேயே ரத்தம் கெட்டுச் செத்துப்போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "ஏட்டி, நமக்குக் குடுக்குததான குடுக்கோம்?" என்றார் அந்த வீட்டு அக்கா. "நீங்க பூனையாக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். மூட்டு வலி மாத்திரையை நொண்டுகிற நாய்க்குக் கொடுத்தவர், நாய் உண்ணிக்கு வாங்கின சொட்டு மருந்தைப் பூனைக்கழுத்தில் விடப்போனவர், சொறிக்குக் கழிவு ஆயில் பூசினவர் என்று ஒருத்தரையும் விடவில்லை. எல்லாரையும் ஒரு பிடி பிடித்தேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. வரட்டுமே.

மருந்து தொடங்கின புதிதில், டாக்டரம்மா சொன்ன மாதிரியே செவலை இன்னொரு தடவை விழுந்தது. இந்தத் தடவை எதிர்வீட்டு வாசலிலேயே. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், நீங்க படிச்சவிய. ஒங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. இன்னொரு தடவ இது தெருவுல விழுந்துச்சுன்னா ஆளக் கூட்டியாந்து தூக்கிருவோம்."

"தூக்கி?"

"தூக்கினா தூக்குததுதான்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சுருக்குக் கம்பி, சாக்கு, பிறகு குளத்தாங்கரை. முந்தின வருஷம் ஒரு சொறி நாய்க்கு அதுதான் நடந்தது. "வெறி இல்ல அண்ணாச்சி, வலிப்பு. மாத்திரை குடுக்கேன். தூக்குததுன்னா என்னத் தாண்டிட்டுத்தான் தூக்கணும்" என்றேன்.

அப்போது அவர் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு ஓர் அடி முன்னால் வந்து, கெஞ்சுகிற குரலில் சொன்னார். "வெறின்னே சொல்லுங்க டீச்சர், வேண்டாங்கல. வலிப்பு வலிப்புன்னு தெருவுல சத்தம் போடாதிய. பொம்பளப் பிள்ளைய இருக்க தெரு." வலிப்பு என்ற சொல்லுக்கும் பொம்பளப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மனுஷனுக்கு என்ன கோளாறு என்றுதான் நினைத்தேன்.

அவருக்கு ஒரே மகள். காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகம் வெளியே வரமாட்டாள். அப்பா கடைக்குப் போனபிறகு கேட் கம்பி வழியாகச் செவலைக்கு பிஸ்கட் போடுவாள். "மாத்திரை ஒத்துக்கிட்டா டீச்சர்? தூக்கம் தூக்கமா வருதா அதுக்கு?" என்று கேட்பாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

மருந்து பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் செவலை விழவில்லை. அவித்த முட்டையின் மஞ்சள் கருவுக்குள் மாத்திரையைப் புதைத்துக் கொடுத்தால் ஒரே வாயில் போய்விடும். காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கொடுப்பேன், மாலையிலும் நானே வந்து கொடுப்பேன். எதிர்வீட்டு அண்ணாச்சியைக் கடக்கும்போதெல்லாம், பார்த்தீரா என் நாயை என்கிற மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு போவேன்.

ஆடி வந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் அத்தை விரதம் பிடித்தார். வீட்டுக்குள் கவுச்சி கூடாது, முட்டை கூடாது.

"நாய்க்கு மட்டும் அவிக்கேன் அத்தை. கொல்லையில அடுப்பு வச்சு அவிக்கேன்."

"அம்பாளே ஒத்தக் கால்ல தவம் நிக்கா. ஒன் நாய்க்கு நாலு நாளு முட்டையில்லாம இருக்க முடியாதா? நாய் தின்னாலும் வீடு எந்த வீடு?"

சண்டை பெரிதாகி, என் வீட்டுக்காரர் நடுவில் வந்து, தயிர்ச்சோற்றில் வைத்துக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள் வராமல் எங்கெங்கோ சுற்றி வந்துகொண்டிருந்தது, எனக்கு வீடு வந்து சேர நேரம் ஆகிவிடும். காலையில் மாத்திரை உள்ளே போகிறவரை நான் நின்று பார்ப்பேன், சாயங்கால மாத்திரையைத் தானே கொடுப்பதாக அத்தை ஏற்றுக்கொண்டார். அதில் குறை சொல்ல முடியாது. நேரம் தவறாமல் சோற்றைப் பிசைந்து, மாத்திரையை நடுவில் வைத்து, தட்டில் போட்டார். தட்டு துப்புரவாக இருந்தது என்றுதான் தினமும் சொன்னார்.

தபசு அன்றைக்குத் தெருவில் கால் வைக்க இடமில்லை. சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் ஊருக்குள் இருந்தது. ரதவீதியில் இடம் கிடைக்காதவர்கள் எங்கள் தெரு ஓரங்களில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டில் கோலம், செருப்புகள், புதுச் சேர் எல்லாம் இருந்தன. ராயகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பெண் பார்த்து முடிந்து பேச்சு ஓடிக்கொண்டிருந்தது என்று அத்தை சொன்னார். நான் வாசலில் நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரோ கேட்டைச் சாத்தாமல் விட்டிருந்தார்கள். செவலை என் காலை உரசிக்கொண்டு வெளியே போனது. நாலடி போயிருக்கும். நடுத்தெருவில் சாய்ந்தது.

இந்தத் தடவை வந்தது முன்பு வந்த மாதிரி இல்லை. உடம்பு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டது. யாரோ "வெறிநாய்!" என்றார்கள். அவ்வளவுதான், கூட்டம் பிய்த்துக்கொண்டு பின்னால் போனது, குழந்தைகள் அலறின, இளவட்டங்கள் கல்லை எடுத்தார்கள். முதல் கல் செவலையின் முதுகுக்குப் பக்கத்தில் விழுந்தது.

நான் போய் அதன்மேல் கவிழ்ந்துகொண்டேன். தலைக்கடியில் முந்தானையைச் சுருட்டி வைத்தேன். "எறிங்கலே பாப்போம்! எந்தப் பய எறியுதான்னு பாக்கேன்! மொதல்ல என் மண்டையில போடு, அப்புறம் நாய்க்குப் போடு!" பள்ளிக்கூடத்து மைதானத்தில் கத்துகிற குரல் எனக்கு. ஆனாலும் ஒருத்தனும் கல்லைக் கீழே போடவில்லை. "டீச்சர், கடிச்சிரும், எந்திரிங்க" என்றார்கள். "கம்பி கொண்டாலே" என்று ஒருத்தன் சொன்னது கேட்டது.

அப்போது எதிர்வீட்டுப் படியிலிருந்து அண்ணாச்சி ஓடி வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, நெற்றி நிறைய விபூதி. சொன்னபடி தூக்கத்தான் வருகிறார் என்று நாயை இறுக்கிப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ரோட்டில் மண்டிபோட்டார். இடுப்பிலிருந்து கடைச் சாவிக்கொத்தை உருவினார். இழுத்துக்கொண்டிருந்த செவலையின் முன்காலைப் பிடித்து, பாதத்துக்குள் சாவிக்கொத்தை வைத்து இரண்டு கையாலும் அழுத்தி மூடினார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல... இரும்பப் பிடிச்சுக்கோ... இப்பச் சரியாயிரும்... அப்பா இருக்கேன் தாயி, அப்பா இருக்கேன்..."

கடுவன் நாயைப் பார்த்துத் தாயி என்றார். அவர் கண் எங்கேயோ இருந்தது. கை மட்டும் பழகின வேலையைச் செய்தது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் வெறிநாய் கையில் யாரும் இரும்பைக் கொடுக்கமாட்டார்கள். எதிர்வீட்டு வாசலில் ராயகிரிக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது.

"யப்பா, சாவிய எடுங்க."

மகள் வந்திருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. அப்படியே ரோட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள போ தாயி" என்றார் அண்ணாச்சி.

"இரும்பு ஒண்ணும் செய்யாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன். கையக் கீறித்தான் விடும். எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்." செவலையின் காலிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அப்பா கையில் வைத்தாள். பிறகு கல்லோடு நின்றவர்களை நிமிர்ந்து பார்த்தாள். "இது வெறி இல்ல. வலிப்பு. எனக்கும் இருக்கு, எனக்குத் தெரியும்."

உதறல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. செவலை மூச்சை இழுத்து விட்டது. அவள் அதன் காதைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டாள், "மாத்திரை விட்டுப்போச்சா டீச்சர்?"

நான் வாயைத் திறக்குமுன் கேட் பக்கத்திலிருந்து அத்தை அழுதுகொண்டே சொன்னார். "தயிர்ச்சோத்துலதான் வச்சுக் குடுத்தேன். தட்டுக்கு அடியில வெள்ள வெள்ளையாக் கெடந்துச்சு. சுவத்துச் சுண்ணாம்பு உதிர்ந்து கெடக்குன்னுல்லா கூட்டித் தள்ளினேன்!" நாய் சோற்றை மட்டும் நக்கிவிட்டு மாத்திரையை ஒதுக்கியிருக்கிறது. கொடியேறின நாள்முதல் சாயங்கால மாத்திரை அதன் வயிற்றுக்குள் போகவே இல்லை.

அந்தப் பெண் அப்பா பக்கம் திரும்பினாள். "கேட்டியளா? சாயங்காலம் மட்டுந்தான் விட்டுப்போயிருக்கு. அதுக்கே இந்தப் பாடு. கல்யாணம் ஆனதும் மாத்திரைய நிறுத்திரணும், மாப்பிள வீட்டுல தெரியக்கூடாதுன்னு அம்மையும் நீங்களும் சொன்னியள்லா? நானும் சரின்னேன்லா? நிறுத்த மாட்டேன்பா. அங்க போய் யாருக்கும் தெரியாம அடுப்படியில விழுந்து சாக மாட்டேன்."

எழுந்து நின்றாள். சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டக்கூட இல்லை. ராயகிரிக்காரர்களைப் பார்த்துச் சொன்னாள், "நான் மாத்திரை திங்குத பொண்ணுதான். இனியும் திம்பேன். சம்மதம்னா இருந்து பேசுங்க. இல்லன்னா காப்பி ஆறுததுக்குள்ள குடிச்சிட்டுப் போங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா செருப்பைத் தேடினாள். அண்ணாச்சி அதைப் பார்த்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தடுப்பார் என்றுதான் நினைத்தேன், அதற்காகத்தானே இத்தனை வருஷமும் மூடி மறைத்தார். அவர் போகவில்லை. கையை ஊன்றி மெல்ல எழுந்தார். செவலைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து மகள் பக்கத்தில் நின்றார்.

"என்னலே வேடிக்கை? எம் மவதான். அவ சொல்லுததுதான், வலிப்புதான்" என்றார். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். "கையில என்னலே கல்லு? கீழ போடுங்கலே!"

போட்டார்கள்.